பத்து மாதத்தில் வந்த காய்ச்சல், ஆறாம் வகுப்பில் தெரிந்த பாதிப்பு

18 ஜூன் 2025, புதன்

பள்ளி திறந்த மூன்றாம் வாரத்திலேயே வகுப்பாசிரியை அழைத்துப் பேசினார். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே ஆசிரியையின் வேகத்துக்குப் பழகியிருந்த மகள், இப்போது பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவதாலும், எந்த நோட்டில் எதை எழுதுவது என்பதைத் தானே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதாலும் திணறுகிறாள் என்றார். கவனம் போதவில்லை என்று அவர் சொன்னபோது, பத்து மாதக் குழந்தையாக அவள் வலிப்பில் விறைத்துப்போன 2015ஆம் ஆண்டின் அந்த இரவுதான் என் கண்முன் வந்தது.

22 ஜூன், ஞாயிறு

பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். நிமோகாக்கஸ் கிருமியால் வந்த மூளையுறை அழற்சி. நாங்கள் இன்றுவரை மூளைக்காய்ச்சல் என்றே சொல்லி வருகிறோம். முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை முடிவும், இரண்டு வாரம் போட்ட ஊசிகளின் பட்டியலும் இருக்கின்றன. செவித்திறன் சோதனை பற்றி ஒரு வரியும் இல்லை. அவளுக்கு இடது காது கேட்கவில்லை என்பது, தொலைபேசியை எப்போதும் வலக்காதிலேயே வைக்கிறாளே என்று நான்கு வயதில் பாட்டி கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இந்நோய்க்குப் பின் உட்செவியின் நத்தை எலும்புக்குள் புதிய எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வீடு திரும்பும் முன்போ நான்கு வாரங்களுக்குள்ளோ அதைச் செய்ய வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் இவ்வாண்டு ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

5 ஜூலை, சனி

உளவியலாளர் இரண்டு அமர்வுகளில் சோதித்து முடித்தார். சொல்வளமும் பொருள் புரிதலும் வயதுக்கு ஏற்றபடியே உள்ளன. கேட்டதை மனத்தில் இருத்தியபடி அடுத்ததைச் செய்யும் திறனும் செயல்வேகமும் குறைவு. இத்தனை ஆண்டுகள் தெரியாதது ஏன் இப்போது தெரிகிறது என்று கேட்டேன். திட்டமிடுதல், கவனத்தை மாற்றுதல் போன்றவற்றுக்கான மூளை இணைப்புகள் இருபது வயதைத் தாண்டியும் வளர்கின்றன என்றும், கைக்குழந்தையிடம் யாரும் கேட்காத வேலையைப் பள்ளி கேட்கத் தொடங்கும்போதுதான் பழைய பாதிப்பு வெளிப்படுகிறது என்றும் பொறுமையாக விளக்கினார். சோம்பேறி என்று அவளை நானும் திட்டியிருக்கிறேன். அது நெஞ்சை அறுக்கிறது.

7 ஜூலை, திங்கள்

வலக்காது ஆசிரியர் பக்கம் இருக்குமாறு இடது ஓரத்தின் முன்வரிசையில் இடம் தந்துவிட்டார்கள்.

5 அக்டோபர், ஞாயிறு

இன்று உலக மூளையுறை அழற்சி நாள். பாக்டீரியாவால் வரும் இந்நோய்க்கு ஆளாவோரில் ஐந்தில் ஒருவருக்கு நீண்டகாலப் பாதிப்பு நிற்கிறது என்கிறார்கள். மகள் பிறந்தபோது அரசுத் தடுப்பூசி அட்டவணையில் நிமோகாக்கல் ஊசி இல்லை. தமிழ்நாட்டில் அது 2021 ஜூலையில்தான் சேர்ந்தது. தம்பி குழந்தையின் அட்டையில் 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய மூன்று தவணைகளும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று நானே வாங்கிப் பார்த்தேன்.

காலாண்டுத் தேர்வுத் தாள்கள் வந்துவிட்டன. கணக்கில் கடைசி இரண்டு வினாக்களுக்கு நேரம் போதவில்லை. எழுதிய விடைகள் அனைத்தும் சரி.