வெள்ளிக் கரண்டிய உருக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி

காரைக்கால்ல பிரெஞ்சுக்காரங்க 1954 வரைக்கும் இருந்தாங்க, தரங்கம்பாடியில 1845 வரைக்கும் டேனிஷ்காரங்க, நாகப்பட்டினத்துல டச்சுக்காரங்க, தஞ்சாவூர்ல வெள்ளைக்கார துரைங்க, அதனால நம்ம டெல்டா பக்கம் பழைய வீட்டுப் பரண்ல ஐரோப்பிய வெள்ளிக் கரண்டி கெடைச்சா ஆச்சரியமே இல்ல. அத தராசுல வெச்சு கிராம் கணக்குல உருக்கக் குடுக்கறதப் பாத்தா எனக்கு மனசே ஆறல.

போன மாசம் காரைக்கால்ல தெரிஞ்ச வீட்டுப் பாட்டி ஒரு பெரிய பரிமாறுற கரண்டிய நீட்டி "தம்பி, இது வெள்ளியா வெறும் முலாமா, பத்தர்கிட்ட உரசிப் பாக்கச் சொல்லவா?"ன்னு கேட்டாங்க. வேணாம் பாட்டி, இருங்கன்னு காம்புக்குப் பின்னாடி கொஞ்சூண்டு விபூதி தேய்ச்சு தொடச்சேன், குழியில மட்டும் வெள்ளையா பொடி நின்னுச்சு, லென்ஸ்ல பாத்தா தலைக்கவசம் போட்ட ஒரு பொம்பள முகம், எட்டு மூலைக் கட்டத்துக்குள்ள, நெத்திக்கு எதிர்ல சின்னதா 1. அதான் மினர்வாங்கிற ரோமானியப் பெண் தெய்வம், 1838ல இருந்து பிரான்ஸ் போடுற முத்திரை, பழைய சாமான்ல 1ன்னா ஆயிரத்துக்கு 950 வெள்ளி, 2ன்னா 800. பக்கத்துலயே சாய்சதுரத்துக்குள்ள செஞ்சவரோட முத்திரையும் இருந்துச்சு. அது வெறும் சதுரமா இருந்தா முலாம்னு அர்த்தம், இத கண்டிப்பா ஞாபகம் வெச்சுக்கங்க.

பழைய இங்கிலீஷ் சாமான்னா ஒரு காலத் தூக்கி நடக்குற சிங்கம் இருக்கணும், அது 92.5 சதவீதம். கூட ஊர் முத்திரை, நங்கூரம்னா பர்மிங்காம், சிறுத்தைத் தலைன்னா லண்டன். அப்பறம் வருஷத்துக்கு ஒரு எழுத்து, ஆனா ஊருக்கு ஊர் வரிசை மாறும், அதனால ஊரக் கண்டுபிடிக்காம எழுத்தப் படிக்கறது வீண். ராணி தலையோ ராஜா தலையோ இருந்தா பெரும்பாலும் 1784லருந்து 1890க்குள்ள வரி கட்டின பொருள்.

நம்ம ஆளுங்க ஏமாறுறது ஈபிஎன்எஸ்ல (EPNS) தான், நாலு எழுத்தையும் தனித்தனி கட்டத்துல அடிச்சு அசல் முத்திரை மாதிரியே வெச்சிருப்பாங்க, அது நிக்கல் கலந்த உலோகத்துக்கு மேல வெள்ளி முலாம், அவ்வளவுதான்.

அதுக்காக சிங்கம் இல்லன்னா உடனே ஒதுக்கிடவும் கூடாது. மெட்ராஸ் பி.ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) கம்பெனி செஞ்ச சாமி உருவம் போட்ட வெள்ளியில கம்பெனி பேர்தான் இருக்கும், ஏன்னா லண்டன் மாதிரி சோதிச்சு முத்திரை அடிக்கிற ஆபீஸ் அப்ப இங்க கெடையாது.