உதயகிரியிலிருந்து காற்றாடிமலைக்கு

புனித தேவசகாயத்தைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே அவர் கொல்லப்பட்ட காற்றாடிமலைக்குத்தான் போவார்கள். எனக்கு உதயகிரிக் கோட்டையில் தொடங்க வேண்டும் என்று ஆசை. அவருக்கு இயேசுவைப் பற்றி எடுத்துச் சொன்னவர் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சு கேப்டன் டிலனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியாக உயர்ந்தவர். கோட்டைக்குள் கூரையில்லாமல் நிற்கும் பழைய சிற்றாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள்.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளைதான் பின்னாளில் தேவசகாயம் ஆனவர். அவர் அரண்மனை அலுவலர். மாடுகள் சாக, பயிர் போக, வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம். மனம் உடைந்திருந்த அவரிடம் டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. எல்லாம் இழந்த பிறகும் கடவுளை விடாதவனின் கதையை, பிடிபட்டு வந்து சொந்த ஊரைத் திரும்பப் பார்க்காத ஒருவர் சொல்கிறார். அது உள்ளே இறங்காமல் எப்படி இருக்கும்? விசுவாசத்தை அறிவிப்பது என்றதும் நமக்கு மேடையும் மைக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே துக்கத்தில் இருந்த நண்பனோடு ஒருவர் உட்கார்ந்து பேசியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கல்லறை முன்னால் நான் நன்றி சொல்லித்தான் செபித்தேன்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. நீலகண்டன் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி அம்மாள் பின்னர் ஞானப்பூ ஆனார். 1749-ல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகம் தாங்காமல் அவர் முழங்கையால் இடித்ததும் நீர் சுரந்தது என்று சொல்லப்படும் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. அங்கே கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் பெருவிளைக்குக் கிளம்பினேன்.

பெருவிளையில்தான் நான் அதிக நேரம் இருந்தேன். இங்கே அவரை ஒரு வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். வெயிலும் மழையும் அவர் மேல்தான். என்றைக்கு விடுவார்கள், என்றைக்குக் கொல்வார்கள், ஒன்றும் தெரியாது. ஆனால் ஊர்க்காரர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நோயாளிகள் வந்தார்கள், பிள்ளை இல்லாதவர்கள் வந்தார்கள். அவர் செபித்து வேப்பிலை கொடுத்து அனுப்புவாராம். அவரால் ஓர் அடி நகர முடியாது. ஆனாலும் அந்த மரத்தடியே மறையுரை மேடையாகிவிட்டது. காத்திருப்பது என்றால் சும்மா கிடப்பது என்று யாராவது சொன்னால், அவர்களைப் பெருவிளைக்குக் கூட்டிவர வேண்டும்.

பல வருடமாகப் பிள்ளைக்காக ஏங்கும் என் தங்கையை நினைத்துக்கொண்டு அங்கே ஒரு செபமாலை சொன்னேன்.

அப்புறம் ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிறது. 1752 ஜனவரி 14 அன்று இந்தக் காற்றாடிமலையில்தான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியாக முழந்தாளிட்டுச் செபித்த இடம் என்று பாறையில் பதிந்த தடங்களைக் காட்டுகிறார்கள். தட்டினால் மணி போல ஒலிக்கும் பாறையையும் தட்டிப் பார்த்தேன். பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், “அடிக்கடி வருவீங்களாம்மா? கேட்டது கிடைச்சுதா?” என்றேன்.

“இன்னும் இல்ல மக்களே. கிடைக்கலன்னு வராம இருக்க முடியுமா? அவரு நம்ம ஆளுல்லா” என்றார்.

சாயங்காலம் கோட்டாறு சவேரியார் பேராலயம். காட்டில் வீசப்பட்ட அவருடைய எலும்புகளைச் சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் எடுத்துவந்து இங்கேதான் புதைத்தார்கள். 2012-ல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். குருவும் அல்ல, துறவியும் அல்ல, மனைவியோடு குடும்பம் நடத்திய ஒருவர். திருச்சபை அவரைப் புனிதர் என்று சொல்ல 270 வருடம் ஆனது. அத்தனை வருடமும் இந்த ஊர் மக்கள் ரோமின் உத்தரவுக்காகக் காத்திருக்காமல், தங்கள் பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் இன்றைக்கு இங்கே அவர் கல்லறையில் கை வைத்து நின்றிருக்க மாட்டேன்.

திருப்பலி முடிந்ததும் தங்கைக்கு போன் செய்தேன். கண்டிப்பாகக் குழந்தை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அது நான் கொடுக்கக்கூடிய வாக்கு அல்ல. யோபுவைப் பற்றி, வேப்பமரத்தைப் பற்றி, அந்தப் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், “அண்ணா, அடுத்த தடவை போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போ. பெருவிளைக்கு முதல்ல போவோம்” என்றாள்.