அம்மாவுக்கு ஒரு மெத்தை

மே 4, 2024, சனி

இன்று கத்திரி தொடங்கியது. மதுரை வெயிலைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அம்மா நேற்று இரவும் மூன்று முறை எழுந்து உட்கார்ந்திருந்தாள். "இடுப்புக்குக் கீழ பள்ளமா இருக்குடி, உருண்டு உள்ள போயிடுறேன்" என்றாள். காலையில் மெத்தையின் குறுக்கே துணி காயப்போடும் கம்பை வைத்துப் பார்த்தேன். கம்புக்கும் மெத்தைக்கும் நடுவே சரியாக இரண்டு அங்குல இடைவெளி. பன்னிரண்டு வருடத்து ஃபோம் மெத்தை. இத்தனை நாள் ஏன் இதைப் பார்க்காமல் இருந்தேன் என்று மனசு கஷ்டப்படுகிறது. நாளை கடைக்குப் போகிறோம்.

மே 5, ஞாயிறு

முதல் கடை. உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி "பட்ஜெட் எவ்வளவு மேடம்?" அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, எடை 48 கிலோ, இடுப்பில் வலி, இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவாள். இதில் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை.

"படுத்துப் பாருங்க பாட்டி" என்றார் விற்பனையாளர். அம்மா எப்படிப் படுப்பாள்? சுற்றி மூன்று பையன்கள் நிற்கிறார்கள், முன்னால் முழுக் கண்ணாடி, வெளியே பஸ் ஸ்டாப். சேலை கட்டிய ஒரு வயதான பெண்ணை அந்த இடத்தில் படுக்கச் சொல்வதில் ஒரு கூச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மா ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் இரண்டு முறை அமுக்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, வா போலாம்" என்றாள். அது மெத்தையைப் பற்றிய பேச்சு இல்லை, அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்ற பேச்சு.

அவளுக்குப் பதிலாக நான் படுத்துப் பார்த்தேன். என் எடை 64. எனக்கு மெத்தென்று இருப்பது அவளுக்குப் பலகை மாதிரி இருக்கும். வாங்காமல் திரும்பிவிட்டோம்.

மே 7, செவ்வாய்

இரண்டு ராத்திரியாக இதே படிப்புதான். ஆர்த்தோ, மெமரி, லேடெக்ஸ், ரீபாண்டட் என்று மெத்தை வகைகளின் பெயரிலேயே தலை சுற்றுகிறது. புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

'ஆர்த்தோ' என்று விற்கும் பல மெத்தைகளின் உள்ளே இருப்பது ரீபாண்டட் ஃபோம். துண்டு ஃபோம்களை அரைத்து, பசை சேர்த்து அழுத்திச் செய்வது. அறுத்துப் பார்த்தால் பல நிறப் புள்ளிகளாகத் தெரியும். கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பெயரைப் பார்த்தால் ஏதோ எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. 32 அடர்த்தி என்றால் ஒரு கனமீட்டர் ஃபோம் 32 கிலோ எடை. அப்படியானால் எடையைக் கேட்டாலே சொல்வது உண்மையா என்று தெரிந்துவிடுமே! எங்கள் கட்டில் 72 அங்குலத்துக்கு 40 அங்குலம். நான்கு அங்குல ஃபோம், 32 அடர்த்தி என்றால் ஆறு கிலோ வர வேண்டும், 40 என்றால் ஏழரை. மூன்று கடைகளுக்குப் போன் செய்து எடை கேட்டேன். ஒரு கடையில் மட்டும் பதில் வந்தது. இன்னொன்றில் "எடைக்கு விக்கிறதில்ல மேடம்" என்று வைத்துவிட்டார்கள்.

மே 11, சனி

பிசியோதெரபிஸ்ட்டிடம் அம்மாவைக் கூட்டிப் போனேன். வலிக்குக் கட்டாந்தரை மாதிரி கெட்டியான மெத்தைதான் நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். அவர் ஒரு ஆய்வைச் சொன்னார். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் செய்தது, 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கு 90 நாளில் வலி குறைந்திருந்ததாம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். "தூங்குறது இருக்கட்டும். ராத்திரி அம்மா தனியா எந்திரிக்கணும்ல? உக்காந்தா பாதம் தரையில படியணும்."

வந்ததும் டேப் எடுத்து அளந்தேன். கட்டில் பலகை தரையிலிருந்து 14 அங்குலம். அம்மாவின் முழங்கால் உயரம் 16. அன்று கடையில் எங்களுக்குக் காட்டியது எட்டு அங்குல மெத்தை. இதில் போட்டால் 22 அங்குல உயரம். அம்மா காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருட்டில் குதித்துத்தான் இறங்க வேண்டும்.

மே 12, ஞாயிறு

வேறு கடை. இங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பையன்களை முன்பக்கம் அனுப்பிவிட்டு, கடைசி வரிசையில் ஒரு மெத்தை மேல் சுத்தமான விரிப்பைப் போட்டு, "நீங்க பாட்டுக்குப் படுங்கம்மா, நான் இங்கதான் நிப்பேன்" என்று வழியை மறைத்து நின்றுகொண்டார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது! அம்மா இருபது நிமிடம் படுத்தாள்.

மெமரி ஃபோமில் உடம்பு புதைந்து போய், திரும்ப முடியாமல் என் கையைப் பிடித்தாள். அது வேண்டாம். ரப்பர் பூசிய தேங்காய் நார் மெத்தை, மேலே ஒரு அங்குலம் லேடெக்ஸ் என்ற ரப்பர் ஃபோம், மொத்தம் நான்கு அங்குலம். அதில் தானாகவே புரண்டு படுத்தாள். நாருக்குள் காற்று போய் வரும், நம் வெயிலுக்கு அதுவும் நல்லது.

ஆனால் 40 அங்குல அகலம் ரெடியாக இல்லை. அந்தக் கட்டில் அப்பா ஆசாரியை வீட்டுக்கு வரவழைத்துச் செய்த தேக்குக் கட்டில், கடை அளவு எதற்கும் ஒத்துவராது. ஆர்டர் கொடுத்தால் பத்து நாள், திருப்பித் தர முடியாது. 11,400 ரூபாய். சரி என்றேன்.

மே 19, ஞாயிறு

முந்தாநாள் போடியிலிருந்து சித்தி வந்தார். வரும்போது ஒரு சின்ன இலவம் பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கட்டி எடுத்து வந்துவிட்டார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அக்காவும் தங்கையும் தெருவில் பஞ்சடிக்கிறவர் வில்லோடு வரும் சத்தத்தை வாயாலேயே அடித்துக் காட்டினார்கள். முடிந்ததும் மூக்கு, புருவம் எல்லாம் வெள்ளையாக நிற்பாராம்.

இலவம் பஞ்சின் இழை உள்ளே குழலாக, மெழுகுப் பூச்சோடு இருக்கும். அதனால்தான் அவ்வளவு லேசு, ஈரமும் சட்டென்று ஏறாது. தரையில் கோரைப்பாய் மேல் விரித்து அம்மா இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கினாள். ஆனால் தரையிலிருந்து எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டும். பாத்ரூம் போக என்னை எழுப்பக் கூடாது என்று சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். இது எனக்கு இன்றுதான் தெரிந்தது. இந்த வெயிலில்!

மே 22, புதன்

மெத்தை வந்தது. அகலம் 38 அங்குலம். பில்லில் 40 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கொண்டு வந்தவர்கள் போட்டுவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். போனில் கடைக்காரர், "ரெண்டு இஞ்ச்தான மேடம், சைடுல தலகாணி வச்சுக்கோங்க" என்றார். மரச்சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே தூக்கத்தில் அம்மாவின் கை மாட்டினால்? கையெழுத்துப் போடவில்லை. அரை மணி நேரம் வாசலிலேயே நின்று பேசினேன், தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் எடுத்துப் போனார்கள். அம்மா உள்ளேயிருந்து "விட்டுடேன்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விட முடியாது.

ஜூன் 1, சனி

வந்துவிட்டது. வண்டியிலிருந்து இறக்கும் முன்பே டேப்பைப் பிடித்தேன். 40.

ஜூன் 9, ஞாயிறு

முதல் மூன்று நாள் ரப்பர் வாடை இருந்தது, ஜன்னலைத் திறந்து வைத்ததில் போய்விட்டது. சித்தியின் பஞ்சு மெத்தை என் மகளுக்குப் போய்விட்டது, யாரையும் தொடவிடுவதில்லை. அம்மா இப்போதும் ராத்திரி ஒரு தடவை எழுகிறாள். எனக்குச் சத்தம் கேட்பதில்லை. காலையில் தலைமாட்டுச் செம்பைப் பார்க்கிறேன். நேற்று முழுச் செம்பும் காலி.