ஓட்டை சேரவில்லையா? முதலில் டிரில்லைக் கீழே வையுங்கள்

நாமே பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டும் கிட் விமானம் பெட்டியிலிருந்து வெளியே வரும்போது எல்லோரும் பெரிய இன்ஜினியர்கள்தான். பாகப் பட்டியலில் டிக் அடிப்பது, தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உரிப்பது, வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து அழகு பார்ப்பது என்று ஆரம்பம் சுகமாகப் போகும். ரிப்பையும் (இறக்கையின் உள் எலும்பு) ஸ்கின்னையும் (மேலே போர்த்தும் தகடு) சேர்த்துப் பிடிக்கும்போதுதான் வேதாளம் முருங்கை மரம் ஏறும். முதல் ஓட்டை சேர்கிறது, அடுத்தது பாதி சேர்கிறது, மூன்றாவதில் வெறும் அலுமினியம் தெரிகிறது. கை தானாக டிரில்லைத் தேடும்.

தேட விடாதீர்கள். எந்திரத்திலேயே ஓட்டை போட்டு வரும் இன்றைய அலுமினியக் கிட்களில் ஓட்டை இடம் மாறியிருப்பது அபூர்வம், பாகத்தை நாம் தலைகீழாகப் பிடித்திருப்பது சகஜம். ரிப்பின் மடிப்பு விளிம்பு சில இடத்தில் உடல் பக்கம் பார்க்கும், சில இடத்தில் இறக்கை நுனிப் பக்கம் பார்க்கும். இரண்டுக்கும் அச்சு அசலாக ஒரே முகம். திருப்பிப் போட்டாலும் பத்தில் எட்டு ஓட்டை சேர்ந்து தொலைக்கும், அதுதான் வம்பே. மீதி இரண்டை டிரில் போட்டு "சரிசெய்த" பிறகு உண்மை புரியும், புதுப் பாகத்துக்கு ஆர்டரும் போகும்.

இரண்டு இடது எலிவேட்டரை (வாலில் ஏறி இறங்கும் பலகை) கட்டி முடித்துவிட்டு, வலது எங்கே என்று தேடுவது இந்தத் துறையின் மிகப் பழைய நகைச்சுவை. இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இடது வலது ஜோடிகளை எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் எதிரெதிராக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே டிம்பிளும் கவுண்டர்சிங்கும், அதாவது ரிவெட் ஆணியின் தலை பதியக் குழி அழுத்துவதும் குடைவதும். ஒவ்வொரு பாகத்திலும் மேல், கீழ், முன், உள் என்று மெல்லிய மார்க்கரால் எழுதிவிடுங்கள். பென்சில் கூடாது: கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும்.

பாகம் சரியான பக்கத்தில் இருந்தும் ஓட்டை சேரவில்லை என்றால், அடுத்த சந்தேகம் ரிப்பின் முதுகு மேல். அச்சில் அழுத்தி வளைத்த ரிப் நேராக இருப்பதில்லை. வளைவான விளிம்பில் உபரித் தகடு நெருக்குவதால் மொத்த ரிப்பும் லேசாக வில்லாகியிருக்கும். மேசையில் படுக்க வைத்தால் நடுப்பகுதி தூக்கிக்கொண்டு நிற்பது தெரியும். விளிம்பில் மடிப்புப் போடும் ஃப்ளூட்டிங் பிளையரை எடுத்து, இரண்டு ஓட்டைக்கு நடுவில் மட்டும் சின்னச் சின்ன மடிப்பாகப் போடுங்கள். ஓட்டை மேலேயே போட்டால் ரிவெட் உட்கார இடமில்லை. ஒரே இடத்தில் ஆழமாக அமுக்காமல், நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. ஓட்டைகள் எல்லாம் ஒரு ஸ்கேல் விளிம்பில் வரிசையாக நின்றால் போதும். விளிம்பு 90 டிகிரியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வளைவில்லாத இடத்தில் இரண்டு மூன்று டிகிரி விலகல் இருந்தால் அகல வாய் கொண்ட சீமர் பிளையரில் திருத்தலாம்.

பிறகு கிளீகோ, ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தற்காலிகப் பிடிப்பான். வெள்ளி நிறம் 3/32 இன்ச் ஓட்டைக்கு, செம்பு நிறம் 1/8-க்கு. நடுவில் தொடங்கி வெளியே போகவும், மூன்று நான்கு ஓட்டைக்கு ஒன்று. ஒரு மூலையில் ஆரம்பித்தால் எதிர்மூலையில் தகடு கூடாரம் அடிக்கும். முதல் கிளீகோ போட்டவுடன் ஓட்டைகள் சேரவில்லை என்று புலம்புவதில் நியாயமில்லை. பத்துப் பதினைந்து போட்டதும் பல ஓட்டைகள் தாங்களாகவே சமாதானமாகிவிடும்.

இப்போது ரிவெட். ஏஎன்426ஏடி3-3.5 என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 426 என்றால் தகட்டோடு சமமாக உட்காரும் தலை, ஏடி உலோகக் கலவை, 3 என்பது விட்டம் 3/32 இன்ச், 3.5 என்பது நீளம், ஒரு இன்ச்சில் 16-இல் மூன்றரைப் பங்கு. அடிப்பதற்கு முன் தகட்டுக்கு வெளியே விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடித்து முடித்த தலை ஒன்றரை மடங்கு அகலமும் பாதி மடங்கு உயரமும் வர வேண்டும். கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கு ரிவெட்டுக்கும் தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

இது இரண்டு பேர் வேலை. அக்கா வெளியே ரிவெட் கன்னோடு, தம்பி ஃபியூஸிலாஜுக்குள் (விமான உடலுக்குள்) மடங்கிப் படுத்து, ரிவெட்டின் பின்னால் முட்டுக் கொடுக்கும் பக்கிங் பார் என்ற உலோகக் கட்டியோடு என்று வைத்துக்கொள்வோம்.

"ரெடியாடா?"

"இரு அக்கா, கை எட்டல."

"இப்ப?"

"ம்... அடி. ஐயோ நிறுத்து, பார் வழுக்குது!"

கன் நின்ற பிறகுதான் பாரை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் ஸ்கின்னில் நிரந்தரக் குழி விழும், அதைப் பெயின்ட் மறைக்கும் என்பது மூடநம்பிக்கை. காதில் மஃப் மாட்டியிருக்கும்போது கத்துவதால் பயனில்லை என்பதால் விமானத் தொழிற்சாலைகளில் தட்டும் பாஷை ஒன்று உண்டு. உள்ளிருப்பவர் ஒரு தட்டு தட்டினால் இன்னும் அடி, இரண்டு என்றால் நன்றாக இருக்கிறது, மூன்று என்றால் கெட்டுப்போச்சு, எடு. மூன்றாவது தட்டைத் தட்டும் தைரியம் எல்லாத் தம்பிகளுக்கும் வருவதில்லை.

ரிவெட் ஒரு பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்கிறதா? மூன்று காரணம்தான்: நீளம் அதிகம், பார் நேராக இல்லை, அல்லது ஓட்டை பெரிது. சாயத் தொடங்கியதும் நிறுத்துங்கள். மேலும் அடித்தால் நிமிராது, முழுசாகப் படுத்துக்கொள்ளும். காற்றழுத்தத்தைச் சுமார் 40 பிஎஸ்ஐ-யில் (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு) வைத்து, வீண் தகட்டில் அடித்துப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். மிகக் குறைவாக வைத்து நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தால் ரிவெட் இறுகிப்போய் அதற்குமேல் அசைய மறுக்கும்.

கெட்டதை எடுப்பது தனிக் கலை. ஏடி ரிவெட்டின் தலை நடுவில் ஒரு சிறு குழி இருக்கும், டிரில் வழுக்காமல் இருக்க அது பெரிய வரம். 40-ஆம் எண் பிட்டில் தலையின் ஆழத்துக்கு மட்டும் துளையிட்டு, அதே விட்டமுள்ள பஞ்சை நுழைத்து மெல்லச் சாய்த்தால் தலை டக்கென்று உடைந்து வரும். தண்டைத் தட்டி வெளியேற்றும்போது பின்பக்கம் முட்டுக் கொடுக்காவிட்டால் ரிப்பின் விளிம்பு வளையும். ஓட்டை பெரிதாகிவிட்டதா? என்ஏஎஸ்1097ஏடி4 என்று ஒரு ரிவெட் இருக்கிறது. தண்டு 1/8, தலை மட்டும் சின்னது, 3/32 போட்ட டிம்பிளிலேயே ஏறக்குறைய உட்காரும். கட்டுகிறவர்கள் அதை 'ஊப்ஸ் ரிவெட்' என்றே கேட்டு வாங்குகிறார்கள், விற்பவரும் சிரிக்காமல் தருகிறார். ஆனால் தண்டு தடித்தால் விளிம்புத் தூரமும் கூட வேண்டும்: ஓட்டையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை விட்டத்தின் இரண்டு மடங்கு, அதாவது 1/4 இன்ச். அது இல்லையென்றால் சுமாரான பழைய ரிவெட்டை விட்டுவைப்பதே மேல். முழுமை தேடிப் பத்து முறை எடுத்துப் போடுகிறவர்தான் கடைசியில் பாகத்தையே மாற்றுகிறார்.

போல்ட் பக்கம் வந்தால் வேறு வகை வேடிக்கை. ஏஎன்3 போல்ட்டின் நீள எண் 3, 4, 5, 6, 7 என்று போய், அடுத்து நேராக 10. எட்டும் ஒன்பதும் கிடையாது. முதல் இலக்கம் முழு இன்ச், இரண்டாவது எட்டில் ஒரு பங்கு, ஆகவே 10 என்றால் ஒரு இன்ச். இது தெரியாமல் பெட்டியில் எட்டாம் எண்ணைத் தேடி கிட் நிறுவனத்தைத் திட்டுபவர்கள் உண்டு.

நட்டை எவ்வளவு இறுக்குவது என்ற டார்க் விஷயத்தில் சிரிப்பு வராது. 10-32 மரைக்கு 20 முதல் 25 இன்ச்-பவுண்டு, 1/4-28 மரைக்கு 50 முதல் 70. இன்ச்-பவுண்டு. ரெஞ்ச் ஃபுட்-பவுண்டில் இருந்தால் பன்னிரண்டு மடங்கு, போல்ட் துண்டாகும். நைலான் லாக் நட் என்றால், உட்காருவதற்கு முன் சும்மா சுற்றவே எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து அதையும் கூட்டுங்கள். போல்ட்டே சுழலக்கூடிய இணைப்பில் நைலான் நட் வேண்டாம், அங்கே பள்ளம் வெட்டிய காஸில் நட்டும் அதைப் பூட்டும் காட்டர் பின்னும்தான்.

இரண்டு விரல்கூடப் போகாத இடத்தில்தான் வாஷர் போட வேண்டியிருக்கும். மெல்லிய கம்பி நுனியில் துளி சூப்பர் குளூவில் ஒட்டி நீட்டி, போல்ட் நுழைந்ததும் கம்பியை முறுக்கி உடைத்துவிடலாம். அப்படியும் விழும். விழுந்த வாஷரை "அங்கேயே கிடக்கட்டும்" என்று விடக்கூடாது, கன்ட்ரோல் ராடுக்கு இடையில் அது போய் உட்காரும் நாளை அதுவே தேர்ந்தெடுக்கும். ஸ்டீல் வாஷர் என்றால் காந்தம். அலுமினியம் என்றால் வாக்யூம் கிளீனர் வாயில் மெல்லிய காலுறையைக் கட்டி உறிஞ்சுங்கள், வாஷர் துணியில் வந்து ஒட்டும். கூடவே போன மாதம் தொலைந்த இரண்டும் வரலாம்.

கடைசியாக எரிபொருள் டேங்க். தையல்கள் கசியாமல் அடைக்கும் புரோசீல் என்ற கறுப்புப் பசையில், அதை இறுகவைக்கும் மருந்தை எடைக்கணக்கில் பத்துக்கு ஒன்று கலக்க வேண்டும்: 30 கிராமுக்கு 3 கிராம். கண்மதிப்பு உதவாது, டிஜிட்டல் தராசு வேண்டும். பி-2 வகையில் பசை இறுகும் முன் வேலை செய்யச் சுமார் இரண்டு மணி நேரம் கிடைக்கும், வெயில் காலத்தில் அதுவும் சுருங்கும். குழந்தை கையில் சிக்கிய மை மாதிரி, ஆரம்பித்த இடத்தோடு நிற்காது. கதவுப் பிடி, போன், மூக்கு நுனி எல்லாவற்றிலும் இருக்கும். கையுறையை மூன்று அடுக்காக மாட்டிக்கொண்டு அழுக்கானதை ஒவ்வொன்றாக உரிப்பதுதான் வழி.

கசிவுச் சோதனைக்கு டேங்கின் வென்ட் (காற்றுப்போக்கி) குழாயில் பலூனைக் கட்டி, சைக்கிள் பம்பில் மெல்லக் காற்றடிப்பார்கள். கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். 1 பிஎஸ்ஐ சின்னதாகத் தோன்றும். 20-க்கு 40 இன்ச் பரப்பில் அது 800 பவுண்டு, 360 கிலோவுக்கும் மேல். மறுநாள் காலை பலூன் சுருங்கியிருப்பதைப் பார்த்ததும் டேங்கைப் பிரிக்க உட்காராதீர்கள். ராத்திரிக் குளிரில் காற்று சுருங்கும், வெயில் ஏறினால் திரும்ப உப்பும். நிஜமாகவே இறங்கினால் சோப்புத் தண்ணீரை முதலில் மூடியிலும், பிறகு ஃபிட்டிங்குகளிலும், எரிபொருள் அளவு காட்டும் செண்டர் (sender) தகட்டின் ஸ்க்ரூ தலைகளிலும் தடவுங்கள். குமிழி பெரும்பாலும் அங்கேதான் வரும், மணிக்கணக்கில் பசை பூசிய தையலில் அல்ல.