சன் வொர்க்ஸ்டேஷனுக்கு விசைப்பலகையும் மவுஸும் தேடிப் பொருத்திய அனுபவம்

1990களின் யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்களுக்கு உயிரூட்ட முனைவோருக்குப் பெட்டி எப்படியோ கிடைத்துவிடுகிறது, திரைக்கும் ஒரு வழி பிறந்துவிடுகிறது. விசைப்பலகையும் மவுஸும்தான் கடைசிவரை இழுத்தடிக்கின்றன. என்னிடம் வந்த, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 5-உம் வெறும் பெட்டியாகத்தான் வந்தது. நல்லவேளையாக, சன் இயந்திரங்கள் விசைப்பலகை இல்லையென்று கண்டால் தாமாகவே முதல் சீரியல் போர்ட்டுக்குத் திரும்பி 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்தில் பேசத் தொடங்கும். பெட்டி நலமாக இருக்கிறதா என்பதை இவ்வழியில் உறுதிசெய்துகொண்ட பிறகே மற்றவற்றைத் தேடப் புறப்பட்டேன்.

தேடுவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, செருகியின் வடிவத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதே. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் இண்டிகோ வொர்க்ஸ்டேஷனில் இருக்கும் ஆறு பின் துளை, பார்வைக்கு அப்படியே பிசிகளின் பிஎஸ்/2 விசைப்பலகைத் துளை போலத் தோன்றினாலும் அது பிஎஸ்/2 அன்று. அதே நிறுவனத்திடமிருந்து 1993இல் வந்த இண்டி உண்மையான பிஎஸ்/2 கொண்டது; ஆயினும் அது விசைக் குறியீடுகளின் மூன்றாம் தொகுதியை எதிர்பார்ப்பதால், அத்தொகுதியை அறியாத பிற்கால விசைப்பலகைகள் அதில் ஒழுங்காக வேலை செய்வதில்லை. பழைய பிசியின் ஐந்து பின் ஏடி விசைப்பலகையோ, வடிவம் வேறானாலும், ஒரு சாதாரண மாற்றியைக் கொண்டே பிஎஸ்/2இல் இயங்கிவிடும்.

சன் நிறுவனத்தின் எட்டு பின் மினி டின் துளைக்கு டைப் 4, டைப் 5, டைப் 5சி ஆகிய சன் விசைப்பலகைகள் பொருந்தும். டைப் 6 இரு வகையாக வந்தது. அதன் யூஎஸ்பி வகை உதவாது என்பதால், விற்பவரிடம் விசைகளின் படத்தைவிடச் செருகி முனையின் படத்தைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பானது. பழைய ஆப்டிகல் மவுஸ், நுண்ணிய கட்டங்கள் அச்சிட்ட உலோகப் பலகையின் மேல்தான் நகரும். பலகை இல்லாமல் மவுஸை மட்டும் வாங்குவது வீண்செலவு.

எனக்கு நல்ல நிலையில் அவை அமையாததால், ராஸ்பெர்ரி பை பிக்கோ என்னும் சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகையைக் கொண்டு யூஎஸ்பியிலிருந்து சன்னுக்கு மாற்றும் கருவி ஒன்றைச் செய்து வருகிறேன். சன் பேசுவது 1200 பாட் சீரியல்தான்; ஆனால் கம்பி ஓய்ந்திருக்கும்போது 0 வோல்ட்டில் நிற்கும், அதாவது மைக்ரோகண்ட்ரோலர்களின் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். பிக்கோவோ 3.3 வோல்ட், சன்னோ 5 வோல்ட். ஆகவே இடையில் அளவை மாற்றும் சுற்றும், சமிக்ஞையைப் புரட்டும் ஏற்பாடும் தேவைப்பட்டன. சன் பெட்டியானது, 1 என்ற பைட்டை அனுப்பி ரீசெட் கேட்கும்போது 255, 4, 127 என்று வரிசையாக மறுமொழி கொடுத்ததும், சீரியலுக்குப் போகாமல் திரையிலேயே முதல் எழுத்துகள் தோன்றின. அந்த மகிழ்ச்சி தனி.

மவுஸில் கவனிக்க வேண்டியவை மிகுதி. சன் ஒவ்வொரு நகர்வையும் ஐந்து பைட்டுகளில் எதிர்பார்க்கிறது. 1200 பாட் வேகத்தில் வினாடிக்கு 24 முறைக்கு மேல் அனுப்ப இயலாது. யூஎஸ்பி மவுஸ் அதைவிடப் பன்மடங்கு வேகமாக அனுப்புவதால், வருவதையெல்லாம் வரிசையில் நிறுத்தினால் கையை நிறுத்திய பின்னும் அம்புக்குறி ஊர்ந்துகொண்டே இருக்கும். எனவே, இரண்டு அனுப்புதல்களுக்கு நடுவே வரும் நகர்வுகளைக் கூட்டி ஒரே தொகையாக அனுப்புகிறேன். மேல், கீழ் திசைகளின் குறியையும் மாற்ற வேண்டும். பொத்தான்களிலோ அழுத்தினால் 0, விட்டால் 1. யூனிக்ஸின் வரைகலைத் திரை அமைப்பான எக்ஸ் விண்டோவில், நகலெடுத்ததை ஒட்டுவதற்கு நடுப்பொத்தான் இன்றியமையாதது என்பதால், சக்கரத்தின் அழுத்தத்தை அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.

எழுத்து விசைகளைக் காட்டிலும், சன் விசைப்பலகையின் இடப்பக்கத்தில் ஸ்டாப் முதலாக இருக்கும் தனி விசைகளே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டாப் விசையுடன் ஏ-வை அழுத்தித்தான் வழக்கமாக ஓப்பன்பூட் என்னும், பெட்டியிலேயே பதிந்துள்ள தொடக்க மென்பொருளுக்குள் நுழைவார்கள். அதை அனுப்பத் தெரியாத மாற்றி அரைகுறைதான். ஸ்டாப்புக்கு யூஎஸ்பி விசைப்பலகையின் பாஸ் (Pause) விசையைக் கொடுத்திருக்கிறேன். இயந்திரம் ஓடும்போது விசைப்பலகையின் கம்பியைப் பிடுங்கினால் இயங்குதளம் அப்படியே நின்று ஓப்பன்பூட்டின் ஓகே (ok) குறி வந்துவிடும் என்பதையும், 5 வோல்ட் வழியிலுள்ள ஃப்யூஸுக்கும் அது ஆபத்து என்பதையும் புதியவர்கள் மறக்கக் கூடாது.

இப்போது எஞ்சியிருப்பவை விளக்குகளும் மணியும். விளக்குகளுக்கு 14 என்ற கட்டளையும் அதைத் தொடர்ந்து ஒரு பைட்டும் வருகின்றன. யூஎஸ்பிக்கு அனுப்பும்போது அதில் கேப்ஸ், கம்போஸ் ஆகியவற்றின் பிட்டுகளை இடம் மாற்றினால் போதும். மணிக்கான 2, 3 என்னும் கட்டளைகளைப் பிக்கோ ஏற்கெனவே கேட்கிறது. பஸ்ஸர் ஒன்றைப் பற்றவைப்பதுதான் அடுத்த வேலை.