ஒன்பதாம் நம்பர் செருப்பு

முந்தாநாள் சாயங்காலம், கொட்டுகிற மழையில், ரங்கூன் ஆங்மிங்கலா பஸ் நிலையத்தில் வெறுங்காலோடு இறங்கினேன். சேறு, வெற்றிலை எச்சில், யாரோ உரித்துப் போட்ட காடை முட்டை ஓடு எல்லாவற்றையும் மிதித்து, டாக்சி பிடித்து வீடு வந்து சேர்ந்தால், கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. காலைப் பார்த்தாள். "என்ன, நேர்த்திக்கடனா?"

நேர்த்திக்கடன் எல்லாம் இல்லை. அத்தை, மாமாவோடு இரண்டு நாள் மோல்மீன் போயிருந்தேன். அவர்களைத் தெரிந்தவர்கள் இதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்கள்.

மாமா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். 'மோல்மீனில் பார்க்க வேண்டியவை' என்று தலைப்பு, அதன் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. மொத்தம் 11 இடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மணி, நிமிடம். சாப்பாட்டுக்கு மட்டும் நேரம் ஒதுக்கவில்லை. அங்கேதான் மனிதர் சறுக்கினார்.

அத்தையிடம் பட்டியல் கிடையாது, பழமொழிதான் உண்டு. பேச்சுக்கு மண்டலே, பகட்டுக்கு ரங்கூன், சாப்பாட்டுக்கு மோல்மீன் என்று பர்மாக்காரர்கள் சொல்வது இருக்கிறதே, அதை ஏதோ அரசாங்க உத்தரவு மாதிரி பிடித்துக்கொண்டாள். "நாடே ஒத்துக்கிட்ட விஷயம். அதை மாத்த நீங்க யாருங்க?"

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் பை தூக்கத்தான் நான்.

பஸ் மோட்டமாவைத் தாண்டி சால்வீன் பாலத்தில் ஏறியதும் மாமா எழுந்து நின்றுவிட்டார். 2005இல் இந்தப் பாலம் திறப்பதற்கு முன்னால், ரயில் மோட்டமாவோடு நின்றுவிடும், இறங்கிப் படகில்தான் அக்கரை போக வேண்டும், அப்படி ஒருமுறை போனபோது இவருடைய டிரங்குப் பெட்டி ஆற்றில் விழுந்தது. தெரிந்த கதைதான். ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் இருந்த சாமான் மட்டும் கூடிக்கொண்டே போகும். போன தடவை ஒரு தையல் மெஷின் சேர்ந்திருந்தது. பாலம் இரண்டு மைலுக்கு மேல் நீளம், ஆனாலும் மாமாவுக்குப் போதவில்லை. பஸ் ஊருக்குள் போய் நின்ற பிறகும் அவர் நடு ஆற்றில் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் தலைநகரப் பெருமை. பர்மா ராஜாவோடு போட்ட முதல் சண்டையில் தெற்குக் கரையோரத் தனிந்தாரியைப் பிடித்த வெள்ளைக்காரன் 1827இலிருந்து 1852 வரை மோல்மீனில்தான் கொலு வைத்திருந்தானாம். தேக்கு, கப்பல், துரைமார், மாதா கோயில், எல்லாம் இங்கே முதலில் வந்ததாம். "அப்போ உங்க ரங்கூன் எங்கே இருந்துச்சு மாப்பிள்ளை?" என்று நான்தான் ஊரை நகர்த்திக்கொண்டு போனவன் மாதிரி கேட்பார். ரங்கூனும் இப்போது மாஜிதானே மாமா, நேபிடோ தலைநகராகி இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு மாஜித் தலைநகரங்களும் ஆளுக்கொரு தட்டு மொகிங்கா, அதாவது மீன் குழம்பு நூடுல்ஸ், சாப்பிட்டோம். அத்தை இரண்டு தட்டு.

பட்டியலில் முதல் இடம் சைக்தன்லன் பகோடா. மேட்டின் முதுகில் வரிசையாக நிற்கும் பகோடாக்களில் இதுதான் உயரம். 875இல் கட்டியது என்று ஐதீகம். மேலே நின்றால் ஒரு பக்கம் ஆறு, தீவுகள், கீழே ஊரின் தகரக் கூரைகள், அவற்றுக்கு நடுவே சிறைச்சாலை. பார்க்கத்தான் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் மாமா போட்டிருந்த நேரம் பகல் 12.40. மே மாத வெயிலில் அந்தத் தரையில் காலை வைத்துப் பாருங்கள், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் கேட்கும். நிழலுக்கு நிழல் தாவித் தாவி ஓடினோம். அத்தை மட்டும் நிதானமாக நடந்தாள். அவள் பாதம் நாற்பது வருஷம் தீமிதித்த பாதம்.

செருப்பு விஷயத்தில் அத்தைக்கு ஒரு கொள்கை உண்டு. படிக்கட்டில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. மூன்று ஜோடியையும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்துவிடுவாள். "செருப்பைத் தொலைச்சவன் ஊர் போய்ச் சேர மாட்டான்டா." இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

மேலே நின்று மாமா இங்கிலீஷ் கவிஞர் கிப்ளிங்கைத் திட்டினார். எப்போது வந்தாலும் இங்கே நின்று திட்டாமல் இறங்க மாட்டார். அந்த ஆள் 1889இல் கப்பலில் வந்து பார்த்தது இந்தப் பகோடாதான் என்பார்கள், அடுத்த வருஷம் பாட்டு எழுதினார், முதல் வரியிலேயே மோல்மீன் பகோடா வருகிறது. ஆனால் பாட்டுக்கு வைத்த பேர் மண்டலே. அந்த ஊரை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. "பொண்ணு பார்த்தது இங்கே, பத்திரிகையில பேர் அங்கேயா?" என்று மாமா கேட்ட கேட்பில், பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் நகர்ந்து போய்விட்டார்கள்.

மீதி இடங்கள் எப்படி அடிபட்டன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கௌங்சேஜூன் தீவு: ராஜா காலத்தில் புத்தாண்டுக்கு அரசர் தலை கழுவ அந்தத் தீவின் ஊற்றுத் தண்ணீர்தான் போகுமாம். அத்தை, "நான் வீட்டிலேயே தலைக்குக் குளிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள். பிலூஜூன் தீவு: இப்போது பாலமே இருக்கிறது, அங்கே ரப்பர் பேண்டு, சிலேட்டுப் பலகை, கைத்தடி எல்லாம் செய்வதைப் பார்க்கலாம். "ரப்பர் பேண்டைப் பார்க்க ஒரு தீவுக்கா?" அதுவும் போச்சு. 1827இல் ஜட்சன் பாதிரியார் தொடங்கிய பாப்டிஸ்ட் சபையின் கோயில் இருந்தது பட்டியலில். அந்த நேரத்தில் நாங்கள் ஆற்றங்கரை ஸ்ட்ராண்டு ரோட்டில் இறால் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த ஊரில் 1926இல் போலீஸ் அதிகாரியாக இருந்த எழுத்தாளர் ஆர்வெலின் பாட்டி வீட்டுத் தெருவும் பட்டியலில் உண்டு. தெருவைத் தேடிப் போன இடத்தில் டுரியான் வண்டி நின்றது. ஆர்வெல் அத்தோடு முடிந்தார்.

அத்தை இரண்டு டுரியான் வாங்கினாள். விடுதியில் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பழத்தைப் பிளந்து, எங்களுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்து, விரட்டிய பையனுக்கும் ஒரு சுளை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ராத்திரி முழுக்க மூன்று பேர் மூச்சிலும் அந்தப் பழம்தான். அதை என்ன செய்ய முடியும் அவர்களால்?

மறுநாள் வேன் பிடித்துத் தெற்கே போனோம். வழியில் வயல்வெளிக்கு நடுவே திடீரென்று செங்குத்தான பாறை ஒன்று நிற்கிறது, அதன் மேல் பகோடாக்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அதைவிடச் சின்னப் பாறை, அதன் உச்சியில் நம்முடைய கோயில். காலியாக ஒரு குன்று நின்றால் நம் ஆட்களுக்குப் பொறுக்காது. அத்தை வேனுக்குள்ளிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முடோனில் படுத்திருக்கும் புத்தர் ஏறக்குறைய 600 அடி நீளம். உள்ளே அறை அறையாகப் பொம்மைகள், நரகக் காட்சிகள்கூட உண்டு. எண்ணெய்க் கொப்பரை ஒன்றைக் காட்டி, "இது பெண்டாட்டியைப் பட்டினி போட்டு ஊர் சுத்திக் காட்டுறவனுக்கு" என்று மாமாவுக்கு விளக்கம் சொன்னாள். நாங்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பட்டியலில் கடைசி இடம் தன்பியூசாயாட். அதைப் பற்றி அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எங்கே சாப்பிடலாம் என்றும் கேட்கவில்லை.

சின்னத் தாத்தாவின் அந்த ஒரே போட்டோவை எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அண்ணன் ரங்கூன் கப்பல் ஏறினார், தம்பி பினாங்குக் கப்பல் ஏறினார். மலேயாவில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவரை ஜப்பான்காரன் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனான் என்பதோடு தகவல் நின்றுவிட்டது. அத்தை பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால் நடந்தது. சயாமிலிருந்து 415 கிலோமீட்டர் வந்த அந்தத் தண்டவாளம் முடிகிற இடம் இந்த ஊர்தான்.

போர்க் கல்லறைத் தோட்டம் அவ்வளவு அழகு. சீப்பு வைத்து வாரிய மாதிரி புல், நூல் பிடித்த வரிசை, 3,700க்கும் மேல் கல்லறைகள், கல்லுக்கு முன்னால் பூச்செடி. வாசலில் அத்தை செருப்பைக் கழற்றினாள். இங்கே கழற்ற வேண்டாம் அத்தை, இது பகோடா இல்லை என்றேன். காதில் வாங்கவில்லை. பையும் கேட்கவில்லை.

வரிசை வரிசையாக நடந்தாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனாலும் நின்று நின்று படித்தாள். புல் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் பர்மியில் கேட்டாள், கூலி வேலைக்கு வந்த கலாக்கள், அதாவது நம் இந்திய ஆட்கள், எந்தப் பக்கம் என்று. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "இங்கே இல்லை அம்மா. லைன் ஓரமா, காட்டுக்குள்ளே." அந்த ரயில் போட்டதில் பட்டாளக் கைதிகள் செத்தது 12,000க்கு மேல் என்று கணக்கு இருக்கிறது. கூலியாட்கள் அதைப் போலப் பல மடங்கு. அவர்களுக்குக் கல் இல்லை.

மியூசியத்துக்கு வெளியே பழைய நீராவி எஞ்சினும் கொஞ்சம் தண்டவாளமும் வைத்திருக்கிறார்கள். அத்தை அங்கே போய் உட்கார்ந்து, பையிலிருந்த பம்பளிமாஸை உரித்து, ஒரு சுளையைத் தண்டவாளத்தின் மேல் வைத்தாள். அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. மாமா பட்டியலை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். டிரங்குப் பெட்டிக் கதையை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முடோன் தாண்டிய பிறகுதான் அத்தையின் காலைப் பார்த்தேன். செருப்பு கல்லறை வாசலிலேயே இருக்கிறது. வேனைத் திருப்பச் சொல்லட்டுமா என்றார் மாமா.

"வேண்டாம். யாராவது போட்டுக்கட்டும்."

யார் என்று நான் கேட்கவில்லை. என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். ஒன்பதாம் நம்பர், அவள் காலுக்குத் தோணி மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் மோல்மீன் பஸ் நிலையத்தில் ஒரு ரப்பர் செருப்பு வாங்கப் போனேன். அத்தை விலையைக் கேட்டாள். "கொள்ளை. ரங்கூன்ல பாதி விலைக்குக் கிடைக்கும், பேசாம ஏறு." ஏறினேன்.

இன்று காலை போன் செய்தாள். செருப்பைத் திருப்பித் தரத்தான் என்று எடுத்தேன். "டேய், உன் செருப்பு நல்லா அகலமா இருக்குடா. பின்கட்டுல துணி துவைக்கிறப்போ போட்டுக்க வசதி" என்றாள். பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது: அடுத்த மாதம் பெகு, 14 இடம்.