ராயப்பனைத் தேடினால் பெத்ருஸ் கிடைப்பார்

பெரம்பூர், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் ஒரு பேச்சு உண்டு: "எங்க கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரர், ரயில்ல டிரைவரா இருந்தார்." இருக்கலாம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856 ஜூலை 1 அன்று வண்டி ஓடத் தொடங்கியது. பெரம்பூர்ப் பட்டறையும் அதே ஆண்டுதான். வேலைக்கு வந்து சேர்ந்தவர்களில் இங்கிலீஷ்காரர், ஐரிஷ்காரர், சட்டைக்காரர் (ஆங்கிலோ இந்தியர்), தமிழர், தெலுங்கர் எல்லாரும் உண்டு. ஆனால் வம்சாவளி தேடும்போது அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கினால் எவர் வீட்டுத் தாத்தாவையோ நம் தாத்தா ஆக்கிவிடுவோம். கீழிருந்து, தலைமுறைக்கு ஒரு காகிதமாவது வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

முதலில் பீரோவைத் திறங்கள். ரயில்வே ஓய்வூதிய ஆணை, பள்ளி டி.சி., கோயில் கல்யாணச் சான்று, வீட்டுப் பத்திரம். தேதி இல்லாத காகிதத்தையோ போட்டோவையோ ரயில்வே பெயரை வைத்தே காலம் கணிக்கலாம். எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே) என்று இருந்தால் 1908க்கும் 1951க்கும் இடைப்பட்டது. வெறும் மெட்ராஸ் ரயில்வே என்றால் அதற்கு முந்தியது. சதர்ன் ரயில்வே 1951 ஏப்ரல் 14இல்தான் பிறந்தது. பழைய கிரயப் பத்திரத்தில் தகப்பன் பெயர், தொழில், மதம், சில சமயம் சாதியும் எழுதியிருப்பார்கள். சாட்சிக் கையெழுத்துகளை விடாதீர்கள். சாட்சி பெரும்பாலும் மச்சானோ மாமனோதான்.

அடுத்து ஞானஸ்நானப் பதிவேடு. உங்கள் வேலையில் பாதி இங்கேதான் முடியும். பங்கு அலுவலகத்தில் "சான்றிதழ்" கேட்காதீர்கள். சான்றிதழில் நாலைந்து விவரத்தை மட்டும் பெயர்த்து எழுதித் தருவார்கள். மூலப் பக்கத்தைப் பார்க்கவோ படம் எடுக்கவோ அனுமதி கேளுங்கள். காரணம், ஓரக்குறிப்பு. 1908க்குப் பிறகு கத்தோலிக்கருக்குக் கல்யாணம் எங்கே நடந்தாலும், ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் அனுப்பி, பழைய பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த ஒரு வரியில் துணையின் பெயரும் கோயிலின் பெயரும் தேதியும் கிடைத்துவிடும்.

பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும். "எகோ இன்ஃப்ராஸ்கிரிப்துஸ்" என்றால் கீழே கையெழுத்திடும் நான். "பாப்திசாவி", ஞானஸ்நானம் கொடுத்தேன். "நாத்துஸ்", பிறந்தவன். "பத்ரினி", ஞானப்பெற்றோர். சிக்கல் பெயரில்தான். வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்டவர் ஏட்டில் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ், யாகப்பன் யாக்கோபுஸ், சூசை யோசேபுஸ், முடியப்பன் ஸ்தெபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். ரயில்வே சம்பளப் பட்டியலிலோ ராயப்பன் பீட்டர், அருளப்பன் ஜான், யாகப்பன் ஜேம்ஸ் என்று நிற்பார்கள். ராயப்பன், பெத்ருஸ், பீட்டர் மூவரும் ஒருவர்தான் என்று தெரியாமல் தேடலைக் கைவிட்டவர்கள் அதிகம். (ராயபுரமே ராயப்பர் பெயரால் வந்தது என்று சொல்வார்கள்.) பிறந்த தேதி மறந்துபோயிருந்தால் புனிதர் திருநாளைப் பாருங்கள். ஜூன் 13ஐ ஒட்டி அந்தோணி, டிசம்பர் 3ஐ ஒட்டிச் சவரி என்று பெயர் வைப்பது வழக்கம்.

பெண்கள் வரிசைதான் அறுந்து போகும். ஏட்டில் தாய்க்கு "மரியா" என்று மட்டும் இருக்கும், தகப்பன் பெயர் இருக்காது. ஒரே தெருவில் பத்து மரியா. அப்போது குழந்தையை விட்டுவிட்டு ஞானத்தாயைத் தேடுங்கள். முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் தாய்வீட்டு ஆள்தான் ஞானத்தாய். எல்லாப் பிள்ளைகளின் பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தாய்வீடு தெரியவரும்.

புராட்டஸ்டண்ட் கோயில்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எடுத்து அந்தக் காலத்தில் லண்டனுக்கு அனுப்பினார்கள். இப்போது அவை பிரிட்டிஷ் லைப்ரரியில் என்/2 வரிசையில், 1698 முதல் இருக்கின்றன. ஃபேமிலிசெர்ச் தளத்தில் அட்டவணையைக் காசில்லாமல் தேடலாம். நகல் என்பதால் எழுத்துப் பிழையும் சேர்ந்தே வந்திருக்கும். பெயரின் முதல் மூன்று எழுத்தோடு நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள்.

இனி இனப் பெயர். இங்கேதான் படித்தவர்களும் வழுக்குகிறார்கள். 1911 சென்சஸ் வரை "ஆங்கிலோ இந்தியன்" என்றால் இந்தியாவில் வாழும் இங்கிலீஷ்காரர். கலப்பினத்தாரை யூரேஷியன், ஈஸ்ட் இந்தியன், இந்தோ பிரிட்டன் என்று எழுதினார்கள். ஆகவே 1880ஆம் ஆண்டுக் காகிதத்தில் ஆங்கிலோ இந்தியன் என்று இருந்தால் அர்த்தமே வேறு. 1935 இந்திய அரசுச் சட்டமும், பிறகு அரசியலமைப்பின் 366(2)ஆம் பிரிவும் தகப்பன் வழியை மட்டும் கணக்கில் எடுத்தன. ஒரு ஆங்கிலோ இந்தியர் வீட்டு அண்ணனும் தங்கையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இருவரும் தமிழ் வீட்டில் சம்பந்தம் செய்கிறார்கள். அண்ணன் பிள்ளைகள் சட்டப்படி ஆங்கிலோ இந்தியர், தங்கை பிள்ளைகள் இல்லை. ரத்தம் இருவருக்கும் ஒரே அளவு. ரயில்வேயில் சில வேலைகளும் சம்பளமும் இன்னாருக்கு என்று ஒதுக்கியிருந்த காலத்தில், தமிழ்க் கிறிஸ்தவர் சிலர் கோட்டும் இங்கிலீஷ் பெயருமாக அந்தக் கட்டத்துக்குள் போனதும் உண்டு. சாதி, இனம் என்ற கட்டத்தில் இருப்பது எழுதிய குமாஸ்தாவின் கணிப்பு அல்லது எழுதச் சொன்னவரின் தேவை. அதை ஆதாரமாக வைக்காதீர்கள், குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பெயரும் அப்படியே. காசிமேட்டில் பெர்னாண்டோ, பெரேரா என்றிருந்தால் போர்ச்சுகீசிய ரத்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். முத்துக்குளித்துறை (தூத்துக்குடிக் கடற்கரை) பரதவர் 1530களில் ஞானஸ்நானம் பெற்றபோதே இப்படிப் பெயர்கள் வந்து ஒட்டிக்கொண்டன.

டி.என்.ஏ. சோதனை செய்யலாமா என்று கேட்பார்கள். தாத்தாவின் தாத்தா ஒருவரிடமிருந்து சராசரியாக நமக்கு வருவது 16இல் ஒரு பங்கு. அதற்கு மேல் இரண்டு படி போனால் 64இல் ஒன்று. இன்னும் மேலே போகப்போகச் சிலரிடமிருந்து ஒன்றுமே வராமலும் போகலாம். "ஐரோப்பியம் 0%" என்று வந்தால் வீட்டுப் பேச்சு பொய்யாகிவிடாது. தகப்பன் வழிக்கு ஒய் குரோமோசோம் சோதனை, தாய் வழிக்கு மைட்டோகாண்ட்ரியா சோதனை. முதலாவதைத் தகப்பன் வழி ஆண் ஒருவர்தான் கொடுக்க முடியும். பெரியப்பா மகனைக் கேளுங்கள்.

கடைசியாகக் கல்லறை. கீழ்ப்பாக்கம், காசிமேடு இரண்டையும் ஒரே வாரியம் பார்த்துக்கொள்கிறது. அடக்கத் தேதியைச் சொன்னால் ஏட்டில் குழி எண் தேட முடியும். கல்லில் எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்புக்கட்டி தேய்க்காதீர்கள், ஆசிட் வேண்டவே வேண்டாம். காலை ஏழு, எட்டு மணிச் சாய்வெயிலில் தண்ணீர் தெளித்துப் படம் எடுத்தால் எழுத்து எழும்பும். ஒரே குழியில் இரண்டு மூன்று தலைமுறை இருக்கும். கல்லின் பின்பக்கத்தையும் பாருங்கள், மருமகள்களின் பெயரைச் சில சமயம் அங்கேதான் வெட்டியிருப்பார்கள்.